இரண்டு அங்குலம்

புல்லுக்கு இரண்டு அங்குலம்.
மேலே போனால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்,
கீழே போனால் மண் தெரியும்.
மண் தெரியக் கூடாது என்பதுதான்
இந்த வேலையில் முதல் பாடம்.

தன்பியுசாயாவில் மழை ஐந்து மாதம்.
பாசிக்கு ஞாயிறு கிடையாது.
எனக்கு உண்டு, ஆனாலும் பூசை முடிந்து வந்து
விட்ட இடத்தில் குந்துகிறேன்.
வெண்கலத் தகட்டுக்கு அமிலம் ஆகாது,
கம்பிப் பிரஷ் ஆகாது.
மெல்லிய நார், வெறும் தண்ணீர்,
எழுத்தின் குழிக்குள் என் நகம்.

சம்பளப் பட்டியலில் நான் டோ மியா,
வீட்டில் சலேத்து.
படுத்திருக்கிறவர்கள் இரண்டையும் கேட்பதில்லை.

மூன்றாம் வரிசை எனக்கு மனப்பாடம்.
பதினோராவது கல்லுக்கு இருபத்திரண்டு வயது.
பக்கத்தில் பத்தொன்பது.
அதற்கடுத்து பீரங்கிப்படைக்காரன், நாற்பத்தொன்று.
அவனிடம் வந்தால் எனக்கொரு நிம்மதி,
கொஞ்சமாவது வாழ்ந்திருக்கிறான்.
அவன் பெயருக்குக் கீழே
வீட்டார் எழுதச் சொன்ன வரி ஒன்று உண்டு.
அந்தப் பாஷை எனக்கு எட்டாது.
ஆனால் எத்தனை எழுத்து என்று
என்னைத்தான் கேட்க வேண்டும்:
இருபத்தேழு.

பெட்ரோல் கிடைக்காத வருஷம்
புல்வெட்டும் இயந்திரம் கொட்டகையில் தூங்கியது.
நானும் கோ வின்னும் அரிவாளால் அறுத்தோம்.
ரங்கூனிலிருந்து மேற்பார்வையாளர் போன் போட்டார்,
"அளந்து படம் அனுப்புங்கள்."
அளக்க என்ன இருக்கிறது?
மகனின் பழைய பென்சில் டப்பாவைத் திறந்தேன்.
ஆறங்குல ஸ்கேல்,
காம்பஸ் முனையால் குறுக்கே கீறிய பெயர்.
படம் போயிற்று:
அறுத்த புல்,
புல்லோடு புல்லாய் நின்றுகொண்டு
சவரி.
"உயரம் சரி" என்று பதில் வந்தது.

பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை
பட்டாளத்துக்கு என்று ரேடியோ சொன்ன வாரம்
அவன் கிளம்பிவிட்டான்.
மூன்று பகோடா கணவாய்ப் பக்கம்,
இந்தக் கல்லுக்காரர்கள் தண்டவாளம் போட்ட வழி.
தண்டவாளம் இல்லை இப்போது.
வழி இருக்கிறது.
பதினாலு மாதத்தில் ஒரே ஒரு போன்.
சாப்பிட்டேன் என்றான்.
எங்கே என்று அவன் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம்.
கன்று வைக்கக் குழி வெட்டினால்
சில இடத்தில் மண்வெட்டி நின்றுவிடும்.
வெட்டுகிறவன் இரண்டடி தள்ளி வெட்டுவான்,
யாரிடமும் சொல்ல மாட்டான்.
அதே ரயிலுக்கு மலாயாவிலிருந்து வந்த கூலிகள்.
என் பாஷையில் தண்ணீர் கேட்டிருப்பார்கள்.
அவர்களுக்குக் கல் இல்லை,
வரிசை இல்லை,
அங்குலக் கணக்கும் இல்லை.
மேற்பார்வையாளர் நல்ல மனுஷர்,
ஒருமுறை கேட்டேன்.
"வேலிவரைக்கும்தான் நம் பொறுப்பு, டோ மியா."
சரிதான். சம்பளமும் வேலிவரைக்கும்தான்.
ஆனால் சாயங்காலம் வாளியை அலசினால்
அந்தத் தண்ணீரை எங்காவது கொட்டியாக வேண்டுமே?
கம்பிக்கு மேலே கை நீட்டிக் கொட்டுகிறேன்.
அங்கே ஒரு முழத்துக்குப் புல்
முழங்கால்வரை வளர்ந்து கிடக்கிறது.
அதை நான் அறுப்பதில்லை.

என் பங்கில் பெயர் இல்லாத கல் பதினேழு.
எழுத்து குறைவு,
சீக்கிரம் முடிய வேண்டும்.
முடிவதில்லை.
பெயர் இருந்திருக்க வேண்டிய இடம்
வழுவழுவென்று இருக்கிறது,
அழுக்கு சேர அங்கே குழியே இல்லை,
ஆனாலும் துணி அங்கேயே நின்றுவிடுகிறது.
"அதில் என்ன தேடுகிறாய்?" கோ வின் கேட்டான்.
நகத்திலிருந்த பாசியைக் காட்டினேன்.

எங்கேயாவது எவளாவது
கையில் வாளியோடு இருப்பாள் என்று நினைப்பு ஓடும்.
ஓடவிடாமல் அடுத்த கல்லுக்கு நகர்வேன்.
நினைக்கக் கூடாததை நினைக்கக் கூடாது.
அவன் சாப்பிட்டிருக்கிறான்.

ஐந்து மணிக்கு
அரிவாள், நார், வாளி மூன்றையும்
கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறோம்.
ஸ்கேலையும் அங்கேயே வைக்கச் சொன்னார்கள்,
வேலைச்சாமான் அல்லவா.
தலையாட்டினேன்.
தினமும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.