மழைப் பதிவேடு, நவம்பர் 11

பேப்பர் கோத்தகிரியிலிருந்து
பத்து மணி பஸ்ஸில்தான் வரும் எங்கள் எஸ்டேட்டுக்கு.
மூன்றாம் பக்கம், கீழ் மூலை: வரலாற்றில் இன்று.
படித்துவிட்டு
பீரோவிலிருந்து பழைய பதிவேடுகளை இறக்குவேன்.
கேட்டால், ஸ்டாக் செக்கிங் என்பேன்.

1918: உலகப் போர் நின்றது, பகல் பதினொரு மணிக்கு.
பதிவேட்டில், சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில்,
மழை ஒன்றே கால் அங்குலம்.
விஷக் காய்ச்சல். கொழுந்துக்கு ஆள் பதினாறு.
குழி வெட்ட ஆள் ஒன்பது.
எல்லா வரிக்கும் ஒரே மை, ஒரே நிதானம்.

1975: அங்கோலாவுக்கு விடுதலை.
இங்கே சாரல்.
மண்டபம் முகாமிலிருந்து இருபத்திரண்டு குடும்பம்
வந்து சேர்ந்தது.
கம்பளி கையிருப்பு எட்டு.
இருபத்திரண்டில் ஒன்று என் அம்மாவுடையது.
எட்டில் ஒன்று கிடைத்ததா என்று எழுதவில்லை,
அவளும் சொன்னதில்லை.

பிறகு ஒரு வருஷம்
தேதி மட்டும் இருக்கிறது.
அளவில்லை, கையெழுத்தில்லை.
மானி நின்ற மேடு,
டார்ச்சோடு அளக்கப் போன ராயப்பன்,
ஏழாம் நம்பர் லயத்தில் பாதி
எல்லாம் அன்று ஓடையோடு போயின.
பேப்பர் அந்த வருஷத்தைத் தாண்டிக்கொண்டு போகிறது.
மறுநாள் கட்டத்தில் வேறு ஆளின் எழுத்து:
புது மானி வேண்டும். விலை விசாரிக்கவும்.

இன்று எட்டரைக்கு நான் போனபோது
மானிக்குள் ஓர் ஈசல் மிதந்தது.
விரலால் எடுத்துப் போட்டுவிட்டு அளந்தேன்.
நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
குறிப்பு என்ற கட்டம்
எத்தனையோ வருஷமாகக் காலி.
ஈசல் ஒன்று, என்று எழுதினேன்.