ஒன்றரை வரி இடம்

சென்னைக் கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய படிவத்தை
நான்தான் நிரப்புகிறேன்.
உஜ்ஜல் ராபாவுக்குத் தமிழ்
வலமிருந்து இடமாகத்தான் எழுத வரும்.

புதுவயல் அரிசி மில்லில் முதல் வேலை,
சாக்கு மேல் கிளி மார்க்.
நாளைக்கு நானூறு கிளி.
ஐந்தாம் மாதம் தானே ஒரு தகடு வெட்டி
ஒரே ஒரு கிளியை மட்டும்
திரும்பிப் பார்க்க வைத்தான்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
கிளி பாலக்காடு வரை போயிற்று.

‘பயிற்சி’ என்ற கட்டத்தில் இதை எழுதலாமா?

யாருடைய தாக்கம் என்று கேட்டேன்.
கோல்பாராவில் வெள்ளம் வடிந்த பிறகு
சுவரில் நிற்குமே ஒரு கோடு, அது என்றான்.
அப்புறம் ஆத்தங்குடி.
கண்ணாடியில் குப்புற வார்த்த பூ
காய்ந்து, புரட்டிய பிறகுதான் முகம் காட்டும்.
அப்புறம், சற்று யோசித்து,
கழனிவாசலில் வீடு இல்லை என்று
ஓர் அம்மாள் சாத்திய கதவு.
பர்மாத் தேக்கு. ரேகை நல்ல ஓட்டம்.

அதை மூன்றடி லினோவில் செதுக்கியிருக்கிறான்,
நாதாங்கி உட்பட.
நாங்கள் வெளியே நிற்கிறோம், படத்தில் இல்லை.

ஒன்றரை வரிதான் இடம்.
‘கதவு’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டேன்.
கட்டைவிரல் மையைச் சட்டையில் துடைத்து,
பென்சில் கேட்டு வாங்கி,
படிவத்தின் இடது மூலையில்
முதலில் 1/1 என்று போட்டான்.