ஏழு மணிக்கு முன்

விடியப்புறம் நாலரை. ஆஸ்பத்திரி வீதியில்
முதல் பஸ் இன்னும் இரையவில்லை.
சேர்வர் அறையில் மயூரதி தட்டுகிறாள்:
இந்தக் கோப்பை, இந்த இடத்திலிருந்து, இவ்வளவு தூரம்
வாசித்து வை.

கேர்னல் ஓமென்றுவிட்டு
பழைய வட்டைக் கறகறவென்று சுழற்றுகிறது.
இருபத்தாறு பேரின் நெஞ்சுப் படங்கள்
பக்கம் பக்கமாய் நினைவகத்துக்கு ஏறுகின்றன,
கேட்க ஆளில்லாத நேரத்தில்.

டொக்டர் பெயரை அடித்து முடிக்க முன்னமே
படம் வந்து நிற்கிறது.
"இண்டைக்கு லைன் நல்ல கெதி."
அவள் திருத்தவில்லை.

பத்தொன்பதாம் இலக்கம், சவிரிமுத்து, நெடுந்தீவு.
காற்று; படகு ஓடவில்லையாம்.
அவருடைய நுரையீரல் இரண்டும்
மத்தியானம் மட்டும் சூடாகவே இருந்தன.
பிறகு இடம் போதாமல்
ஆருக்கோ கைமாறிவிட்டது.
வட்டில் பத்திரமாய்த்தான் இருக்கிறார்,
குளிர்ந்து.

அடுத்த புதன்
காற்று எப்படியோ.