மென்ஸோ மூச்சு வாங்கும் இடம்

பெஞ்சு ஆடாமலிருக்க
யாரோ முட்டுக் கொடுத்த புத்தகம் அது.
உருவி எடுத்தேன்.
அன்றிலிருந்து பெஞ்சு ஆடுகிறது.

நான் பெரிய வித்வாம்சினி ஒன்றும் இல்லை.
திங்கள் முதல் வெள்ளிவரை
வடகடல் அணைக்கு இந்தப் பக்கம்
கன்றுகளின் காதில் எண் குத்துகிறவள்.
ஞாயிறு மட்டும்
வெஸ்டர்ஹம் மேட்டுக் கோயிலில் ஆர்கன்.
எல்லோரும் வாசிக்கும் அதே ஆறேழு முன்னிசைகள்;
விரல்கள் தூங்கிக்கொண்டே வாசிக்கும்.

புத்தகத்தில் பதினான்கு.
ஒவ்வொன்றும் ஒரு ஞானப்பாட்டுக்கு முன்னால்
சபைக்குச் சுதி காட்ட எழுதியது.
எழுதியவர் பெயரை எலி தின்றிருந்தது.
மிச்சம், ‘பள்ளிக்கூட வாத்தியார்’ என்பதும்
ஆயிரத்து எழுநூற்று வரை ஒரு வருஷமும்.

முதலாவதை இரவு எட்டு மணிக்கு
கோட்டைக் கழற்றாமல் வாசித்துப் பார்த்தேன்.
தவிட்டு ரொட்டி.
பாட்டு எங்கே என்றே தெரியவில்லை,
இடக்கையின் நடுவிரல்களுக்குள் பதுங்கி நடந்தது.
நான்கு வரிக்கு ஒருமுறை
காரணமில்லாமல் ஒரு நிறுத்தம்.
அதைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

மறுநாள் பகலில்தான்
ஓரத்து மை தெரிந்தது:
“இங்கே மென்ஸோ மூச்சு வாங்குவான்.”

துருத்தி மிதித்த பையன்.
இப்போது தெற்குச் சுவருக்குள் மோட்டார்,
அதற்கு இளைக்காது.
அன்று காற்று என்றால்
ஒரு பையனின் இரண்டு கால்.
வாத்தியார் அந்தக் கால்களை அளந்து
ராகத்தை வெட்டியிருக்கிறார்,
துணி போதாத தையற்காரர் போல.

அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.
ஒன்று, இரண்டு.
மிஞ்சிய ஒலி கூரைக்குப் போய்த் திரும்புவதற்குள்
பதுங்கியிருந்த பாட்டு
தலை நீட்டியது.

ஞாயிறு. ஒன்பது பேர், ஒரு நாய்.
முதல் நிறுத்தத்தில் தாலெ உப்பென்
மாடத்தை அண்ணாந்து பார்த்தாள்.
இரண்டாவதில் கோயில்பிள்ளை ஹிண்டெர்க்
சுவிட்சுப் பலகைக்கு ஓடினான்.
மூன்றாவதில் யாரும் அசையவில்லை,
நாய்கூட.

“மோட்டாரில் என்ன கோளாறு?” என்றான் பிறகு,
சூடான தேநீர் பட்டுக் கோப்பையில்
கற்கண்டு படபடவென்று வெடிக்க.
கோளாறு இல்லை என்றேன்.
மேலே சொல்ல வரவில்லை.

பதினொரு முன்னிசைகளில் மென்ஸோ இருக்கிறான்.
“மழை. மென்ஸோவுக்கு இருமல். இதைச் சுருக்கு.”
“மென்ஸோ இன்று சாப்பிடவில்லை,
கால்கட்டையில் நீண்ட சுரம் வேண்டாம்.”
பன்னிரண்டாவதில் வேறு பெயர்:
“ஹாப்போ பலசாலி. நிறுத்தத் தேவையில்லை.”
அப்புறம் மென்ஸோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
மை படாத ஓரங்களை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.
எலிப்பல் தடம், மெழுகுச் சொட்டு.

வரும் ஞாயிறு பன்னிரண்டாவது.
நல்ல உருப்படி. ஓடுகிறது,
கால்கட்டை அடியில் இடி இடிக்கிறது.
நாலாவது வரி முடிவில்
எதுவும் எழுதியிராத இடத்தில்
கையை எடுக்கிறேன்.
ஒன்று, இரண்டு.
பெஞ்சு லேசாக ஆடுகிறது.