மூன்றாவது உறை

அளவெடுக்க டேப்லெட்டைக் கேட்டேன்.
கையில் தரமாட்டேன் என்று தலையாட்டினாள்.
மேசைமேல் வைத்துவிட்டு
ஒரு விரலை மட்டும் அதன் ஓரத்தில் ஊன்றிக்கொண்டாள்.
நீளம் இருபத்தைந்து, அகலம் பதினேழரை,
கனம் முக்கால் சென்டிமீட்டர்.
ஃபெலிஷ்மினாவின் குரல் இப்போது
அவ்வளவுதான்.

அலைச்சறுக்குக்காரர்களின் கிழிந்த ரப்பர் உடுப்புகளை
ஒட்டித் தைத்துக் கொடுப்பவன் நான், பெனிஷ் துறைமுகத்தில்.
என் கடைக்கும் மீன் சந்தைக்கும் நடுவே
இரண்டு தெரு, ஒரு தேவாலயம்.
இருந்தும் முப்பது வருஷமாகக்
காலை ஏழு மணிக்கு மத்தி என்ன விலை என்று
ஊசியில் நூல் கோத்தபடியே எனக்குத் தெரிந்துவிடும்.
பிறகு அவள் தொண்டையில் ஒரு கட்டி.
லிஸ்பனில் அறுத்தார்கள்.
கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க ஒரு கைக்குட்டை.
மிச்சமெல்லாம் இந்தக் கண்ணாடிக்குள்.

முதல் உறையை அழகாகச் செய்தேன்.
அதுதான் பிசகு.
ஓரமெல்லாம் இரட்டைத் தையல்,
மூலையில் அவள் பெயர் மஞ்சள் நூலில்.
போட்டுப் பார்த்தாள், தட்டினாள்.
தலையணைக்கு அடியிலிருந்து வந்தது பேச்சு.
ஒலி வரும் துளைகளை மூடித் தைத்திருக்கிறேன்!
யாரோ பின்னாலிருந்து
அவள் வாயைப் பொத்தியதுபோல் இருந்தது.
யாரோ என்ன, நான்தான்.

இரண்டாவதற்கு வார் வைத்தேன், கழுத்தில் மாட்டிக்கொள்ள.
வார் எந்த இடத்தில் உரசும் என்று யோசிக்கவில்லை.
அவள் எதையும் தட்டவில்லை.
என் கத்தரியை எடுத்துத் தானே நறுக்கிவிட்டுப்
போய்விட்டாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுச் சந்தையில் போய் நின்றேன்.
முட்டையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும்
அதை ஏந்திக்கொண்டிருந்தாள்.
விலையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்
வந்தவர்கள் அடுத்த பலகைக்கு நகர்ந்தார்கள்.
உணவுவிடுதிக்காரன் ஒருவன்
அயிலையின் செவுளை நிமிண்டிப் பார்த்து
நேற்றுப் பிடித்தது என்றான்.

அந்தக் காலமென்றால்
துத்தநாகப் பலகையில் ஓர் அடி விழும்,
தராசு துள்ளும், அவன் பணம் எடுப்பான்.
இப்போதும் கை உயர்ந்தது.
உயர்ந்த கை தான் பிடித்திருப்பதைப் பார்த்தது.
மெல்ல,
மிக மெல்ல இறங்கியது.

அந்தக் கை நின்ற உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டேன்.
அறுபது சென்டிமீட்டர் இருக்கும்.
முந்தைய இரண்டுக்கும் நான் எடுக்காமல் விட்ட அளவு.

மூலைகளுக்குப் பழைய ரப்பர் காலணியின் அடி.
முதுகுக்கு முழங்கால் துண்டு, இரண்டு மடிப்பு.
உள்ளங்கை நுழைய ஒரு பட்டை,
ஈரக் கையிலும் செதில் கையிலும் வழுக்காதது.
துளைகளுக்கு நேரே ஜன்னல், மத்தி வலையில் வெட்டியது.
டேப்லெட்டுக்குப் பதில் சமையலறை ஓட்டை உள்ளே வைத்து
அறுபதிலிருந்து அடித்தேன். உடைந்தது.
இரண்டாவது ஓடும்.
மூன்றாவதற்கு விரிசல்தான்.
நான்காவதோடு என் மனைவி வந்து
சுவரைக் காட்டினாள், என்னைக் காட்டினாள்.
அந்த ஓடு உடையவில்லை.

பெயர் போடட்டுமா என்றேன்.
எதற்கு என்று தட்டினாள்,
தொலைத்தால் எடுத்தவன் ஏதாவதொன்றை அமுக்குவான்,
அது திட்டுகிற திட்டில்
யாருடையது என்று தெரிந்துகொள்வான்.

சனிக்கிழமை, ஏழு தாண்டியிருக்கும்.
இரண்டு தெருவையும் தேவாலயத்தையும் கடந்து
துத்தநாகத்தின் சத்தம் வந்து சேர்ந்தது.
ஒரே அடி.
புறாக்கள் கிளம்பின.
பின்னால் வந்த பேச்சு எனக்கு எட்டவில்லை,
பக்கத்துக் கடைக்காரன் சொல்லித்தான் தெரியும்:
வங்கியில் வரவேற்கும் இளம்பெண்ணின் பதவிசான குரலில்,
"நேற்றைய மீன் வேண்டுமென்றால் ஐயா,
வீட்டுக் கண்ணாடியில் பாருங்கள்."

மதியம் கடைக்கு வந்தாள்.
செய்தித்தாளில் ஆறு மத்தி.
பட்டைக்குள் செதில் சேர்கிறது என்று ஒரு குறை.
பாக்கி அடுத்த வாரம்.
விடைபெறும் விதமாக
என் மேசையில் ஒன்று வைத்தாள் பாருங்கள்,
ஊசி டப்பா எகிறிக் கவிழ்ந்தது.

இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.