அருகில் வசிப்போர்

பஹ்ரைன், கீழைக்கரை.
மீனவர் மன்றத்தில் ஏசி ஓடவில்லை.
கம்பெனி அதிகாரி திரையில் வட்டம் போட்டார்:
"புகைபோக்கியிலிருந்து முதல் வீடு
இரண்டு கிலோமீட்டர்."
லேப்டாப் வயரைப் பிடித்தபடி நான்.

சபீக்கா எழுந்தாள்.
மகனின் வெள்ளை அங்கியை உதறினாள்.
மேசையெல்லாம் கரி.
பிறகு ஜன்னலைக் காட்டி ஏதோ கேட்டாள்.
மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார்:

"ஆலை வேலியை ஒட்டிக்
கொடியில் காய்கிறதே கைலிகள்,
அவை யாருடையவை?"

கேம்ப் நம்பர் ஏழு.
மூன்றாவது கைலி என்னுடையது,
பச்சைக் கட்டம்,
நேற்றிரவு ஷிப்ட் முடிந்து துவைத்தது.
வட்டத்துக்குள் அந்த இடம்
வெறும் மணல் நிறம்.

அதிகாரி என் பக்கம் திரும்பாமலே
அடுத்த படம் என்றார்.
விரல் பட்டன்மேல்தான் இருந்தது.
இருமல் முந்திக்கொண்டது.