வல்லைவெளியில் வரவேண்டிய பாட்டு

முப்பத்திரண்டு எழுத்து.
சிலது எண், சிலது ஆங்கிலச் சின்ன எழுத்து.
அதற்கு அவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு
நான் திறப்பு என்றேன்.
யாழ்ப்பாணத்தில் சாவியும் அதுதான்,
திறந்து கிடப்பதும் அதுதான்.
இரண்டும் ஒன்றல்ல என்று
பிறகுதான் தெரிந்தது.

பலாலி வீதியில்
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே, தகரம் சூடேறும் அறை.
பகலில் ஒரு நோர்வேக் கம்பனிக்குச் சம்பளக் கணக்கு,
இரவில் இது.
உலகத்துப் பாட்டையெல்லாம் வைத்திருக்கிற ஒரு சேவை
வெளியாட்களுக்கென்று ஒரு யன்னல் விட்டிருந்தது.
பாட்டைத் தராது.
பாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லும்:
எத்தனை விநாடி, நிமிடத்துக்கு எத்தனை அடி,
துள்ளலா, தூக்கமா,
எல்லாம் தசமத்தில், சுருள் அடைப்புக்குள், மரியாதையாக.
நிமிடத்துக்கு நூறு கேள்வி.
நூற்றோராவதுக்கு, பொறு என்று வரும்;
எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்றும் வரும்.
எந்தக் கந்தோரிலும் எனக்கு
இவ்வளவு தெளிவாக ஒருவரும் பொறு என்றதில்லை.

கிருபைராசாவின் பருத்தித்துறை மினிபஸ்ஸுக்கு
நான் எழுதிக் கொடுத்தது சின்ன வேலை.
கோப்பாய் மட்டும் சனம் ஏறும்: சத்தமான பாட்டு.
நீர்வேலியில் வாழைக்குலை ஏற்ற நிற்கும்: குட்டிப் பாட்டு.
புத்தூரில் பள்ளிப் பிள்ளைகள், அவர்கள் கேட்பது எதுவோ அது.
ஆவரங்கால் கழிய, வீடுகள் முடிய,
வல்லைவெளி.
இரண்டு பக்கமும் உவரும் தண்ணீரும் காற்றும்.
அங்கே அடி குறைந்த, நீளமான ஒன்று.
அறுபத்தாறுக்கு மேல் போகக் கூடாது.
வெளி தொடங்கத் தொடங்கி
மறுகரையில் முதல் வேலி தெரிய முடிய வேண்டும்.
இரவு இரண்டு மணிக்கு யன்னலைத் தட்டிக் கேட்டு
அன்றைய பட்டியல் அவர் போனுக்குப் போகும்.

ஒரு வியாழக்கிழமை கடிதம்.
மதிப்புக்குரிய என்று தொடங்கியதும் வயிற்றைப் பிசைந்தது.
அடியும் துள்ளலும் இனி வெளியாட்களுக்கு இல்லை.
கட்டாயம் தேவையெனில் விண்ணப்பிக்கலாம்,
மாதம் இரண்டரை லட்சம் பேர் பாவிப்பதாகக் காட்டி.
என்னிடம் ஒரு பஸ்.
நிற்கிறவர்களையும் சேர்த்தால் அறுபது பேர்.
விண்ணப்பித்தேன்.
பாவனையாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
அறுபது, வெள்ளிக்கிழமை கூடும்
என்று எழுதினேன்.

சனிக்கிழமை ஸ்ராண்டுக்குப் போய்ச் சொன்னேன்.
"என்ன பிள்ளை, பாட்டு நல்லாத்தானே போகுது?"
குனிந்து, ஸ்ரேரிங்குக்குக் கீழே காட்டினார்:
றப்பர் வளையம் சுற்றின ஒரு பென்டிரைவ்.
என் முதல் கிழமைப் பட்டியல்.
கொண்டக்டர் டினுஷன் எங்கேயோ அந்தப் பாட்டுகளைத் தேடி
ஆனியிலேயே ஏற்றிவிட்டானாம்.
டேற்றாக் காசு மிச்சம்.
"ஒவ்வொரு நாளும் மாத்தினா சனம் குழம்பும், பிள்ளை."

ஐந்து மாதம்.
இரவிரவாய் நான் கேட்க
யன்னல் ஒருநாளும் சலிக்காமல் சொன்ன பதிலெல்லாம்
ஒரு போனில் திறக்காமல் கிடந்திருக்கிறது.
சிரிப்பதா என்று யோசிக்க முன்
டினுஷன் முதுகில் தட்டி ஏற்றிவிட்டான்.
காசு வாங்கவில்லை.

நீர்வேலியில் அன்று குலை குறைவு. கெதியாய் எடுத்தோம்.
பிறகு ஆவரங்காலில் யாரோ சைக்கிளை மேலே கட்டச் சொல்ல
நேரம் போனது.
வீடுகள் முடிய முன்னமே அந்தப் பாட்டு வந்துவிட்டது.
முன்னிருக்கைப் பெண்
பிள்ளையின் தொப்பியைக் கழற்றி மடிக்குள் வைத்தாள்.
காற்று இன்னும் வரவில்லை.
கதவோரக் கிழவர் சால்வையை இறுக்கினார்.
வெளியும் வரவில்லை.

பிறகு வந்தது.

என் நிரலை நான் இன்னும் நிறுத்தவில்லை.
இரண்டு மணிக்கு அது கேட்கும்.
அனுமதி இல்லை, சுருள் அடைப்புக்குள்,
அதே மரியாதை.

பாட்டு நடுவெளியில் முடிந்தது.
மிச்சத் தூரத்துக்கு ஒன்றும் இல்லை.
பின்னால் ஒரு யன்னல் கழன்று
அடித்துக்கொண்டே வந்தது.
போனில் விநாடியைப் பார்த்து
எண்ணத் தொடங்கினேன்.